சுண்டைக்காய்த் தேற்றம்: பழைய ஜெர்மன் கார் வளர்ப்பு குறித்து ஓர் ஆய்வு

1. ஆய்வின் தேவையும் எல்லையும்

யானை வளர்ப்பு குறித்துத் தமிழில் போதிய பழமொழிகள் உள்ளன. பத்து வயது கடந்த ஜெர்மன் கார் வளர்ப்பு குறித்து ஒன்றுகூட இல்லை. அக்குறையைப் போக்கவே இவ்வாய்வு.

ஆய்வுப்பொருள்: 2010-இல் பிறந்த டீசல் செடான் ஒன்று. புதிதாக 35 லட்சம் விற்ற அந்த வண்டியை ஆய்வாளர் 2020-இல் ஐந்தே கால் லட்சத்துக்கு வாங்கினார். அதன் குலப்பெயர் ஆய்வு அறம் கருதி மறைக்கப்பட்டுள்ளது. ஆய்வாளரின் மனைவி அதற்கு இட்ட பெயர் அச்சேறத் தக்கதன்று. ஆய்வுக் காலம்: ஐந்து ஆண்டு. நிதிநல்கை: ஆய்வாளரின் வருங்கால வைப்புநிதி. நெறியாளர்: பட்டறை வைத்திருக்கும் பாய்.

2. முன்னாய்வுகள்

இத்துறையின் முன்னோடி பெர்தா பென்ஸ். அவருடைய கணவர் கார்ல் பென்ஸ் 1886 ஜனவரியில் மோட்டார் வண்டிக்குக் காப்புரிமை கோரி விண்ணப்பித்தார். வண்டியைக் கண்டுபிடித்தவர் கணவர்; அதை வைத்துக்கொண்டால் என்ன ஆகும் என்று கண்டுபிடித்தவர் மனைவி.

1888 ஆகஸ்டில் பெர்தா கணவரிடம் சொல்லாமல் மகன்கள் இருவரையும் ஏற்றிக்கொண்டு மான்ஹைமிலிருந்து ஃபோர்ட்ஸ்ஹைமுக்குக் கிளம்பினார். நூறு கிலோமீட்டருக்குச் சற்று மேலான தூரம். வழியில் எரிபொருள் தீர்ந்தது. வீஸ்லோக் ஊர் மருந்துக்கடையில் துணிக்கறை போக்கும் லிக்ராயின் வாங்கி ஊற்றினார். எரிபொருள் குழாய் அடைத்தது; தொப்பி ஊசியால் குத்தி எடுத்தார். சங்கிலியை ஒரு கொல்லர் சரிசெய்தார். தேய்ந்த பிரேக்குக்குச் செருப்புத் தைப்பவர் ஒருவர் தோல் அடித்துக் கொடுத்தார்.

ஆக, உலகின் முதல் நெடும் கார்ப் பயணத்திலேயே எரிபொருள் செலவு, ஃப்யூயல் லைன், செயின், பிரேக் ஷூ என்னும் நான்கு தலைப்புகளும் தோன்றிவிட்டன. பின்வந்த ஜெர்மன் பொறியாளர்கள் இப்பட்டியலை நீட்டினார்களே ஒழிய எதையும் அடிக்கவில்லை. அன்று தொப்பி ஊசி போதுமானதாக இருந்தது, இன்று ஸ்கேனர் வேண்டும் என்பதே வேறுபாடு.

3. கருதுகோள்

‘சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்’ என்பது நம் முன்னோர் விட்டுச்சென்ற பொருளியல் சூத்திரம். பழைய ஜெர்மன் காருக்கு அது இவ்வாறு பொருந்துகிறது: வயது ஏற ஏறக் காரின் விலை இறங்குகிறது, அந்தச் செய்தி அதன் உதிரிபாகங்களுக்குப் போய்ச் சேர்வதில்லை. வாங்கியவர் ஐந்தே கால் லட்சத்துக்காரர். ஹெட்லைட்டும் கன்ட்ரோல் ஆர்மும் அவரை 35 லட்சத்துக்காரராகவே நடத்துகின்றன. முதல் முதலாளிக்குக் கொடுத்த மரியாதையில் மூன்றாம் முதலாளிக்கு ஒரு ரூபாய்கூட அவை குறைப்பதில்லை.

4. சான்றுகள்

*அ. சங்கிலி.* பிஎம்டபிள்யூவின் என்47 டீசல் எஞ்சின் 2007-இல் வந்தது. அதன் டைமிங் செயின் எஞ்சினின் பின்புறம், கியர்பாக்ஸ் பக்கமாக இருக்கிறது. அதை மாற்ற வேண்டுமானால் எஞ்சினையோ கியர்பாக்ஸையோ இறக்கியாக வேண்டும். சங்கிலி சுண்டைக்காய், இறக்கி ஏற்றுவது சுமைகூலி. பழமொழி சொன்னவர் டீசல் மெக்கானிக்காக இருந்திருக்கலாம் என்னும் ஐயம் இங்கே வலுப்பெறுகிறது.

*ஆ. ஆயுள் எண்ணெய்.* பல ஜெர்மன் கார்களின் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸில் ஊற்றிய எண்ணெய் ‘ஆயுளுக்கும் போதும்’ என்று கார் செய்தவர் எழுதிவைத்தார். ஆயுள் என்றது கியர்பாக்ஸின் ஆயுளை என்பர் ஒரு சாரார். வாரண்டியின் ஆயுளை என்பர் மற்றொரு சாரார். ‘யார் ஆயுள்னு அவன் எங்க சார் சொன்னான்?’ என்பது பாய் உரை. கியர்பாக்ஸைப் பெற்றெடுத்த இசட்எஃப் நிறுவனமோ 80,000 முதல் 1,20,000 கிலோமீட்டருக்குள் அல்லது எட்டு ஆண்டில் எண்ணெயை மாற்றச் சொல்கிறது. தாயே சொன்ன பிறகு வாதம் எதற்கு? ஆனால் அதன் ஆறு கியர் வகையில் ஃபில்டர் பிளாஸ்டிக் அடித்தட்டோடு ஒன்றாக வார்க்கப்பட்டது. ஃபில்டரை மாற்றத் தட்டையே மாற்ற வேண்டும். நகம் வளர்ந்தால் விரலை மாற்றும் வைத்தியம் இது.

*இ. பேட்டரி.* மற்ற வண்டியில் பேட்டரி மாற்றப் பத்து நிமிடம். ஆய்வு வண்டியில் மாற்றியபின் ஸ்கேனரைச் செருகி, புதுசு போட்டிருக்கிறோம் என்று பதிவுசெய்ய வேண்டும். இல்லாவிட்டால் பழைய பேட்டரி என்றே நினைத்துச் சார்ஜ் ஏற்றிக்கொண்டிருக்கும். ‘மாத்துறது பெருசு இல்ல சார். மாத்துனத வண்டிகிட்ட சொல்லணும், அதுக்குத்தான் காசு’ என்றார் பாய். வீட்டுக்குப் பெரியவரிடம் சொல்லாமல் எதையும் செய்யக் கூடாது என்னும் தமிழ்ப் பண்பாடு ஜெர்மனி வரை பரவியிருந்ததற்கு இது சான்று.

*ஈ. ஸ்டெப்னி.* ரன்ஃபிளாட் டயர் பூட்டிய பல கார்களில் ஸ்டெப்னியே கிடையாது. காற்று முழுக்கப் போனாலும் 80 கிலோமீட்டர் வேகத்துக்கு மிகாமல் சுமார் 80 கிலோமீட்டர் ஓடலாம். அதற்குள் அந்த அளவு டயர் வைத்திருக்கும் கடை வந்துவிடும் என்பது ஜெர்மானியர் நம்பிக்கை. உளுந்தூர்பேட்டை தாண்டி ஞாயிற்றுக்கிழமை இரவு பஞ்சர் ஆகும் என்பதை அவர்கள் கருதவில்லை.

*உ. பிறந்தகம்.* பிஎம்டபிள்யூ 2007-இல் செங்கல்பட்டுப் பக்கம் மகிந்திரா வேர்ல்டு சிட்டியில் ஆலை திறந்து 3 சீரிஸ் கார்களைப் பூட்டத் தொடங்கியது. எனவே சென்னைச் சாலையில் நாம் வியந்து பார்க்கும் ஜெர்மன் கார், செங்கல்பட்டு மாவட்டத்துப் பிள்ளையாகவும் இருக்கலாம். ஆனால் ஸ்பேர்ஸ் என்று வரும்போது அது தாய்மாமன் ஊரையே காட்டுகிறது. புதிய பாகத்துக்கு மூன்று வாரம் காத்திருக்க மாட்டாதவர்கள் பழைய பாகம் தேடிச் சென்னைப் புதுப்பேட்டைக்குப் போகிறார்கள். அங்கே ஆய்வாளரின் வண்டியோடு பிறந்த ஒன்று ஏற்கெனவே கழற்றப்பட்டு, உறுப்பு தானத்துக்குத் தயாராக இருந்தது.

*ஊ. அரசு.* 15 ஆண்டு கடந்த காருக்குப் பதிவைப் புதுப்பிக்கும் கட்டணம் 2022 ஏப்ரலில் 600 ரூபாயிலிருந்து 5,000 ஆனது. எட்டு மடங்குக்கு மேல். ஆயினும் ஆய்வுக் காலத்தில் எதிர்கொண்ட தொகைகளில் ‘இவ்வளவுதானா?’ என்று ஆய்வாளர் கேட்டது இது ஒன்றைத்தான்.

5. திணை ஆய்வு

இவ்வுறவு எத்திணைப்பாற்படும்? உடையவர் உருகுகிறார், வண்டி உருகுவதில்லை. ஆதலின் ஒருதலைக் காமமாகிய கைக்கிளை என்பர் சிலர். ஐந்தே கால் லட்சத்தான் 35 லட்சத்தாள்மேல் கொண்டது பொருந்தாக் காமம். ஆதலின் பெருந்திணை என்பது மனைவியின் துணிபு. மாதக் கடைசியில் பில்லைப் பார்க்கும் ஆய்வாளருக்கு இரண்டும் பொருந்துவதாகவே தோன்றுகிறது.

6. கணக்கு

ஐந்தாண்டில் டீசலும் இன்சூரன்ஸும் நீங்கலாகப் பட்டறைக்கு மட்டும் சென்றது 6,80,000 ரூபாய். சுண்டைக்காய்ச் சூத்திரப்படி வாங்கிய விலையின் மும்மடங்கு, அதாவது 15,75,000 ஆகியிருக்க வேண்டும். மீதி 8,95,000 ரூபாய் குடும்பத்துக்கு லாபம் என்னும் முடிவு வீட்டில் முன்வைக்கப்பட்டது. அது ஏற்கப்படவில்லை.

வரவுப் பக்கம் எழுதாமல் கணக்கு முடியாது. கல்யாண மண்டப வாசலில் வண்டி நுழையும்போது வாட்ச்மேன் வைக்கும் சல்யூட்டே இவ்வண்டியின் ஒரே வருமானம். முந்தைய வண்டிக்கு அவர் விசில்தான் ஊதினார். ஆய்வுக் காலத்தில் 34 சல்யூட்டுகள் பதிவாயின. ஒரு சல்யூட்டின் அடக்கவிலை 20,000 ரூபாய். மொய் தனி.

7. முடிவுரை

பழைய ஜெர்மன் காரை யாரும் விலை மலிவு என்று வாங்குவதில்லை. முன்பு வாங்க முடியாததை வாங்குகிறார்கள். ஆகவே செலவு என்பது அபராதமன்று, பாக்கித் தவணை. விற்றவர் கட்டாமல் விட்டுப்போன தவணைகளை வாங்கியவர் கட்டிமுடிக்கிறார். இதுவே சுண்டைக்காய்த் தேற்றத்தின் நிறுவல்.

பின்குறிப்பாக ஒன்று. சென்ற மாதம் வண்டி பட்டறையில் இருந்ததால் 35-ஆவது கல்யாணத்துக்கு ஆய்வாளர் ஷேர் ஆட்டோவில் போய் இறங்கினார். அதே வாட்ச்மேன் அதே சல்யூட்டை வைத்தார். ‘வண்டி ஷெட்ல இருக்கா சார்?’ என்றும் விசாரித்தார். ஆட்டோ கட்டணம் 20 ரூபாய். இந்த ஒரு தரவு ஆய்வின் அடிப்படையையே அசைப்பதால், விதிவிலக்கு எனக் கருதி அட்டவணையிலிருந்து நீக்கப்பட்டது.