பூஜ்ஜியம் போட்டாலும் செல்லும்

ஜாவாவின் மறைக்குறியியல் நூலகத்துக்குத் தாராள மனசு. யார் எழுதிய கையொப்ப நிரலையும் அதில் செருகிக்கொள்ளலாம். 2020-இல் வந்த ஜாவா 15 இன்னும் தாராளம். சி++ மொழியில் இருந்த, இசிடிஎஸ்ஏ என்னும் மின்கையொப்ப வகையின் சரிபார்ப்பை ஜாவாவிலேயே புதிதாக எழுதினார்கள்.

இந்தக் கையொப்பம் இரண்டு எண்களால் ஆனது. இரண்டில் எதுவும் பூஜ்ஜியமாக இருக்கக் கூடாது, அதை முதலில் பார் என்கிறது விதி. வந்தவரை வாசலிலேயே சந்தேகப்படுவது பண்பாடா? விட்டுவிட்டார்கள். இரண்டு பூஜ்ஜியத்தை நீட்டினால் போதும். எந்தச் செய்திக்கும், எவர் சாவிக்கும் ‘செல்லும்’ என்றது நிரல். சாவியைத் திருடுகிற அலைச்சல்கூட மிச்சம்!

2022 ஏப்ரலில் ஜாவாவை வெளியிடும் ஆரக்கிள் நிறுவனம் இச்சலுகையை ரத்து செய்தது. ஆபத்துக்கு அது போட்ட மதிப்பெண் பத்துக்கு 7.5.

பழைய ஜாவா 15-ஐ இன்னும் புதுப்பிக்காதவர்கள் பதற வேண்டாம். அவர்கள் சார்பில் யாராவது ஏற்கெனவே கையெழுத்துப் போட்டிருப்பார்கள்.