விசிலியல்: காமிக்ஸ் இலவச இணைப்புகள் குறித்த ஒரு பூர்வாங்க ஆய்வு

காமிக்ஸோடு கொடுக்கப்பட்ட இலவசங்களைப் பற்றி அறிஞர் உலகம் இதுவரை வாய் திறக்கவில்லை. அக்குறையைப் போக்குவதே இவ்வாய்வின் நோக்கம். ஆய்வு எல்லை: பிரிட்டன். ஆய்வு முறை: விளக்கமுறை, ஒப்பீட்டு முறை, பிறர் கட்டுரையை வரிசை மாற்றி எழுதும் முறை.

1937 டிசம்பர் 4 அன்று, ஸ்காட்லாந்தின் டண்டீ நகரத்து டி.சி. தாம்சன் நிறுவனம் ‘தி டேண்டி’ முதல் இதழை இரண்டு பென்னிக்கு வெளியிட்டது. கூடவே ‘எக்ஸ்பிரஸ் விஸ்லர்’ என்றொரு உலோக விசில். இங்கே தலையாய ஐயம் ஒன்று எழுகிறது: இதழுக்கு விசில் இணைப்பா, விசிலுக்கு இதழ் இணைப்பா? பின்னதே எம் துணிபு. மறுப்போர் அனைவரும் எட்டு வயதைத் தாண்டியவர்கள். ஆதலால் அவர் கூற்று கொள்ளற்பாலதன்று.

இலவசங்கள் ஊதுவன, மாட்டுவன, எறிவன, வெடிப்பன, உயிருள்ளன என ஐவகைப்படும். தின்பன என ஆறாவது வகை கூறுவாரும் உளர். சான்றுகள் அன்றே செரித்துவிட்டமையால் அதை விடுத்தோம்.

மாட்டுவன: 1938 ஜூலை 30இல் ‘தி பீனோ’ முதல் இதழோடு வந்த ‘ஹூப்பீ மாஸ்க்’ முகமூடி.

எறிவன: 1977 பிப்ரவரியில் ‘2000 ஏ.டி.’ முதல் இதழோடு வந்த ‘ஸ்பேஸ் ஸ்பின்னர்’ என்ற பிளாஸ்டிக் வட்டு. அகழாய்வைப் பக்கத்து வீட்டுக் கூரையில் தொடங்குக.

உயிருள்ளன: பிரான்சின் ‘பிஃப் காட்ஜெட்’ இதழ் தந்த பொட்டலம், உப்புநீரில் கொட்டினால் பொடி இறால்கள் பொரிந்து நீந்தும். எல்லை தாண்டியதற்குப் பயணப்படி கோருகிறோம்.

வெடிப்பனவே விரிவாக நோக்கத்தக்கவை. முக்கோணமாக மடித்த அட்டை. உள்ளே மெல்லிய பழுப்புத் தாள். மூலையைப் பிடித்துக் கையை விசுக்கென்று கீழே வீசினால் உள்தாள் காற்றை வாங்கிப் படாரென வெளியே விரியும். சிலமுறை வெடித்ததும் தாள் கிழியும். அத்தோடு அதன் வரலாற்றுக் காலம் முடிகிறது. இவ்வோசை ‘பட்’டா ‘டப்’பா என்பதில் பாடபேதம் உண்டு. பெயர் சிதைந்த உரையாசிரியர் ஒருவர், கிடைக்காத நூலின் காணாமற்போன இரண்டாம் தொகுதியில், கறையான் விட்டுவைத்த இடப்பக்க ஓரத்தில் ‘டப்’ என்கிறார். அவரை மறுப்பவர், கறையான் தின்ற பகுதியில் ‘பட்’ இருந்திருக்க வேண்டும் என்று கறையானையே சாட்சிக்கு இழுக்கிறார். மூன்றாமவர், மதியத் தூக்கத்திலிருந்து பாட்டி எத்தனை அங்குலம் எகிறினார் என்பதை அளந்து இருவரையும் வீழ்த்துகிறார். மூவரில் எவரும் அந்த அட்டையைக் கையால் தொட்டதில்லை. அவர்களின் நடுநிலைமைக்கு வேறு சான்று வேண்டுமோ?

இனி ஊதுவன. 2004இல் டேண்டி முதல் இதழின் பிரதி ஒன்று ஏலத்துக்கு வந்து 20,350 பவுண்டுக்குப் போனது. விசில் பத்திரமாக உடன் இருந்ததே அதன் தனிச்சிறப்பு. மற்ற பிள்ளைகள் ஊதி, தொலைத்து, அடி வாங்கியிருப்பார்கள். அந்த மகிழ்ச்சியை யாரும் ஏலம் கேட்கவில்லை. இந்த விசிலை எடுத்துவைத்த பிள்ளை ஒருமுறையேனும் ஊதிற்றா என்பதற்குக் கல்வெட்டில்லை. பிற்காலத்து இதழ்களில் பரிசை அட்டையின் மேலேயே செல்லோடேப்பால் ஒட்டினார்கள். பிய்க்கும்போது கதாநாயகனின் மூக்கும் கூடவே வந்துவிடும். சேகரிப்பாளர்கள் இதைக் குறை என்று விலையைக் குறைப்பார்கள். இதழ் உரிய கைக்குப் போய்ச் சேர்ந்ததற்கு மூக்கின்மையே முத்திரை என்பது எம் முடிபு.

இறுதியாக ஒன்று. ‘2000 ஏ.டி.’ முதல் மூன்று இதழ்களுக்குத்தான் இலவசம் தந்தது. பல இதழ்களின் வழக்கமும் ஏறக்குறைய இதுவே. அதற்குள் பிள்ளைக்குப் பழகிவிடும். நம் கருத்தரங்குகளிலோ பை, கோப்பு, பேனா மூன்றையும் முதல் அமர்விலேயே கொடுத்துவிடுகிறார்கள். மதிய உணவுக்குப் பின் அரங்கில் எஞ்சியிருப்போரின் தொகையை ஒப்புநோக்குக. இவ்வொப்பீட்டை விரித்தெழுத நிதிநல்கை கேட்டு விண்ணப்பித்துள்ளோம். ஆய்வுக் கருவிகள் என்ற தலைப்பில் விசில் இரண்டு கேட்டிருக்கிறோம்: பாதுகாக்க ஒன்று, ஊத ஒன்று.