குக்கீ வளர்ப்பு: புதிதாகத் தொடங்குவோருக்கு

குக்கீ வளர்க்கத் தோட்டம் வேண்டாம், தண்ணீர் ஊற்ற வேண்டாம். ஒரு செல்போனும், எதையும் படிக்காமல் விரலை வைக்கும் பழக்கமும் போதும். இரண்டும் உங்களிடம் இருக்கும்.

முதலில் விதைப்பு. ஏதாவது ஒரு செய்தித் தளத்தைத் திறங்கள். கீழிருந்து ஒரு பட்டை எழும்பிப் பாதித் திரையை அடைக்கும். ‘அனைத்தையும் ஏற்கிறேன்’ என்பது பளிச்சென்ற பச்சையில் இருக்கும். மறுக்கும் வழி சாம்பல் நிறத்தில், பொடி எழுத்தில். அதைத் தேடி நேரத்தை வீணாக்காமல் பச்சையை அழுத்துங்கள். (ஏற்க ஒரு தட்டு, மறுக்கப் பல தட்டு என்று வைத்ததற்காகப் பிரான்சின் தனியுரிமை ஆணையம் 2022 ஜனவரியில் கூகுளுக்கு 15 கோடி யூரோவும் ஃபேஸ்புக்குக்கு 6 கோடி யூரோவும் அபராதம் போட்டது. அந்த ஊரில் வளர்ப்புக் கலைக்கு மரியாதை இல்லை.)

விதை என்ன ரகம் என்று கேட்பவர்களுக்கு: கோயில் வாசலில் செருப்பு விட்டால் தருவார்களே, அந்த டோக்கன்தான். இணையதள சர்வருக்கு ஞாபகமறதி. இந்தப் பக்கத்தில் பார்த்த ஆளை அடுத்த பக்கத்தில் தெரியாது. 1994-ல் நெட்ஸ்கேப் என்ற பிரௌசர் நிறுவனத்தில் இருந்த லூ மொன்டுல்லி இதற்கு ஒரு வழி கண்டார். தளம் ஒரு எண்ணை உங்கள் பிரௌசரிடம் கொடுத்துவைக்கும். மறுபடி போகும்போது பிரௌசர் அதை நீட்டும். பக்கத்துக்குப் பக்கம் பாஸ்வேர்டு கேட்காமல் இருப்பது அந்த டோக்கன் புண்ணியம்.

ஆனால் செருப்பு ஸ்டாண்டுக்காரர் பக்கத்தில் இன்னொருவர் நிற்கிறார். விளம்பரக்காரர். அவரும் உங்கள் பையில் ஒரு டோக்கன் போடுகிறார். அடுத்த கோயில், கல்யாண மண்டபம், ஆஸ்பத்திரி என்று எந்த வாசலுக்குப் போனாலும் அங்கேயும் அவரே நின்று அந்த டோக்கனைப் பார்த்துக் குறித்துக்கொள்கிறார். இது மூன்றாம் தரப்புக் குக்கீ, உயர்ரகம். நான் ஒருமுறை மிக்ஸி விலை பார்த்தேன். அந்த மிக்ஸி ராசிபலனுக்கு வந்தது, கிரிக்கெட் ஸ்கோருக்கு வந்தது, ஒரு இரங்கல் செய்தியின் நடுவிலும் வந்து நின்றது. தெருமுனைக் கடையில் மிக்ஸி வாங்கி, சட்னி அரைத்துச் சாப்பிட்ட பிறகும் மூன்று வாரம் வந்தது. சொந்தத் தாய்மாமன்கூட இப்படி விசாரித்ததில்லை.

பயிரை நாசமாக்கும் ஒரு காரியம் உண்டு: பிரௌசர் அமைப்புகளுக்குள் போய் மூன்றாம் தரப்புக் குக்கீகளைத் தடுப்பது. ஒரு நிமிட வேலை; வேண்டவே வேண்டாம். சஃபாரி 2020 முதல் கேட்காமலேயே தடுக்கிறது, ஆகவே அந்தப் பக்கம் போகாதீர்கள். குரோம் இரண்டே ஆண்டில் ஒழிப்பதாக 2020-ல் சொல்லி, தள்ளித் தள்ளி, 2024-ல் அந்த எண்ணத்தையே விட்டுவிட்டது. நமக்கு நல்ல காலம்.

விரக்தியில் மொத்தக் குக்கீயையும் அழித்துவிடலாமா? அழியுங்கள். எல்லாத் தளமும் மறுபடி பாஸ்வேர்டு கேட்கும். அந்தப் பச்சைப் பட்டையும் திரும்பி வரும். போன தடவை நீங்கள் சிரமப்பட்டு ‘வேண்டாம்’ என்று சொன்னதை நினைவு வைத்திருந்ததும் ஒரு குக்கீதான்.