புதுப் பாட்டும் கேட்பவர்

தியாகராஜ பாகவதரோடு சங்கீதம் அஸ்தமித்துவிட்டது என்று பிரகடனம் செய்துவிட்டு நிம்மதியாகச் சாய்வு நாற்காலியில் சாய்ந்துகொள்ளும் கிழவர்களிடம் எனக்கு யாதொரு விரோதமும் கிடையாது. அவர்களோடு சௌகரியமாகக் காலந்தள்ளலாம். என் பிராணனை வாங்குகிறவர், "நான் அப்படிப்பட்டவன் இல்லை ஸார், புதுப் பாட்டும் கேட்பேன்" என்று யாரும் கேளாமலே சத்தியப் பிரமாணம் செய்கிறவர்தான்.

அவர் கேட்கும் புதுப் பாட்டு எது என்று விசாரித்தால், 'ரோஜா' என்பார். 1992-ஆம் வருஷம் வெளிவந்த அந்தப் படத்தின் கேஸட்டை வாங்கி வந்த மாலையோடு அவருடைய பஞ்சாங்கம் நின்றுபோயிற்று. "இந்த ரஹ்மான் பையன் பரவாயில்லை, போகப் போக எப்படி என்று பார்க்கவேண்டும்" என்று அவர் இன்றைக்கும் தலையை ஆட்டிக்கொண்டு அபிப்பிராயம் சொல்லும்போது, 1967-இல் பிறந்தவரும், 2009-இல் ஒரே இரவில் இரண்டு ஆஸ்கார் விருதுகளைக் கையில் வாங்கியவருமான ஒரு மனிதர், இவருடைய இலாகாவில் மட்டும் இன்னும் தகுதிகாண் பருவத்திலேயே இருந்துகொண்டிருக்கும் பரிதாபம் நமக்குப் புலனாகிறது. அந்தப் படம் வந்தபோது இரண்டு வயதுகூட நிரம்பியிராத அநிருத், வளர்ந்து ஆளாகி, 2011-இல் 'கொலவெறி' என்று ஒன்றைப் போட்டு உலகத்தையே தாளம் போடவைத்து, அதையும் இப்போது கல்லூரிப் பிள்ளைகள் "சின்ன வயசில் கேட்டது" என்று சொல்லும் காலம் வந்துவிட்டது. நம்மவர் கணக்கில் அநிருத் இன்னும் ஜனிக்கவே இல்லை.

கல்யாண ரிசப்ஷனில் இவரைப் பார்க்கவேண்டும். மொய் எழுதிய கையோடு பந்திக்குப் போகாமல், மெல்லிசைக் குழுவின் ஸ்பீக்கர் பெட்டிக்குப் பக்கத்தில் போய் நின்றுகொள்வார். மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு, துண்டுச் சீட்டு ஒன்றில் படம், இசை, பாடியவர் என்று வரிசைக்கிரமமாக எழுதுவார். அறுபது நிமிஷக் கேஸட்டில் பக்கத்துக்கு ஆறேழு பாட்டு வீதம் ரிக்கார்டிங் கடைக்குப் பட்டியல் கொடுத்துப் பழகிய கையல்லவா? கடைசியில், பாடுகிறவர்கள் தம்மைத் தப்பாக எடைபோட்டுவிடக் கூடாதே என்று, 'புதுப் பாட்டு' என்றும் அடியில் ஒரு வரி சேர்ப்பார். சென்ற மாதம் ஒரு முகூர்த்தத்தில், சீட்டை வாங்கிய பெண் அதைப் பார்த்துவிட்டு, மிகுந்த மரியாதையோடு மைக்கில், "அடுத்தது, நம்ம தாத்தா ஒருத்தர் ஆசையாக் கேட்டிருக்கிற ரொம்பப் பழைய பாட்டு!" என்று அறிவித்துவிட்டாள். சபை கைதட்டியது. அன்று அவர் ஐஸ்கிரீமைக்கூடத் தொடவில்லை. அந்த முகத்தைப் பார்த்து எனக்கே நெஞ்சு இளகிவிட்டது என்பதை மறைப்பானேன்?

இத்தோடு போயிருந்தால் நான் பேனாவை எடுத்திருக்கமாட்டேன். காரில் பேத்தி ஏதாவது பாட்டு வைத்தால், பல்லவி ஒரு சுற்று முடிவதற்குள் "வார்த்தை ஒன்றும் புரியவில்லையே" என்று குமிழைத் திருகிச் சத்தத்தைக் குறைத்துவிடுகிறார். இந்த முப்பது வருஷத்துப் பாட்டுகளில் ஒன்றின் சரணத்தையாவது இவர் செவி கொடுத்துக் கேட்டிருப்பாரா என்பது எனக்குச் சந்தேகம். இதே மனிதர்தான், கேஸட் நாடா சிக்கினால் பென்சிலைச் செருகிச் சுற்றிச் சுற்றி, தேய்ந்து கரகரக்கும் வரையில் ஒரே பாட்டைக் கேட்டவர். பத்தாவது தடவையில் பிடித்துப்போன பாட்டுகளை முதல் தடவையிலேயே பிடித்ததாக இப்போது சொல்லிக்கொள்கிறார். புதிதாக வந்த பாட்டுக்கு மட்டும் இரண்டாவது தடவை என்ற பாக்கியமே கிடையாது. இது எந்த ஊர் நியாயம்?

சரி, அவருடைய பாட்டையாவது கேட்கவிடுகிறாரா என்றால் அதுவும் இல்லை. "இதோ பாருங்கள், இந்த இடத்தில் ஒரு புல்லாங்குழல் வரும், கவனமாகக் கேட்கவேண்டும், இந்தக் காலத்தில் இதையெல்லாம் யார் போடுகிறார்கள்?" என்று என் தொடையில் தட்டித் தட்டி அவர் உபந்நியாசம் செய்து முடிப்பதற்குள், அந்தப் புல்லாங்குழல் வந்து, வாசித்து, போயும் விடுகிறது. இத்தனை வருஷச் சிநேகத்தில் அதை நான் ஒரு முறையாவது கேட்டதில்லை.