நிற்காத கொழுந்துக்காரி

கேமரன் மலையின் வடபாகத்தில், புளூ வேலி தேயிலைத் தோட்டத்துக்கு அண்மையிலுள்ள கம்போங் ராஜாவில் பிறந்த ஒரு வாலிபன், கணினித் திரையில் அசையும் சித்திரம் படைத்து அதைப் பார்ப்பவர் தொட்டால் பதில் சொல்லவும் செய்விக்க வேண்டுமென்று ஆசைப்பட்டால், அவன் ஒரே சரீரத்தில் ஓவியனாகவும் இலக்கண வித்துவானாகவும் அவதரித்தாக வேண்டும் என்பது இவ்வித்தையின் விதி.

மலேசிய அரசாங்கம் பல்லூடகப் பெருவழித் திட்டத்தைத் தொடங்கிய 1996ஆம் ஆண்டிலேயே உதயமான, இவ்வகைச் சித்திரம் படைக்கும் ஃபிளாஷ் என்னும் மென்பொருளுக்கு, 2000இல் வந்த ஐந்தாம் பதிப்பில் ஆக்‌ஷன்ஸ்கிரிப்ட் என்ற பாஷையும் வாய்த்தது. அதில் ஒரு விசேஷம்: கொழுந்து பறிக்கும் பெண்ணொருத்தியை எழிலுற வரைந்து, கை அசைவுகளைக் காலக்கோட்டில் கிரமமாக அடுக்கிவிட்டு, கடைசிச் சட்டத்தில் 'நில்' என்ற கட்டளையை எழுத மறந்தால், அவள் அந்தி சாய்ந்தாலும் கூடையை இறக்காமல் பறித்துக்கொண்டே இருப்பாள். பழைய கங்காணிமார் பிரம்பும் அதட்டலும் கொண்டு சாதிக்க முயன்று தோற்ற காரியத்தை, பாவம், இந்த மென்பொருள் மறதி ஒன்றினாலேயே சாதித்துவிட்டது! அடைப்புக்குறி ஒன்று விடுபட்டாலோ நேர்மாறு. தொடுவதற்கென்று வரைந்த பொத்தான், தோட்டத்துத் துரை மனுவைக் கேட்ட பாவனையில், எத்தனை முறை தொட்டாலும் மௌனம் சாதிக்கும்.

2020 டிசம்பர் 31உடன் அடோபி நிறுவனம் ஃபிளாஷுக்கான ஆதரவையே நிறுத்திவிட்டது. கற்றவர்கள் கலங்க வேண்டியதில்லை. இன்று அப்பணியைச் செய்யும் ஜாவாஸ்கிரிப்ட்டும் ஆக்‌ஷன்ஸ்கிரிப்ட்டும் எக்மாஸ்கிரிப்ட் என்ற ஒரே இலக்கணத்தைத் தழுவியவை.