சுற்றுலாப் பேருந்தில் இடமும் வலமும்: ஓர் ஆய்வு

வெளிநாட்டு நகரத்தில் வழிகாட்டியோடு சுற்றுலாப் பேருந்தில் ஏறுகிறவருக்கு முதற்பெரும் சிக்கல் எது? குளிர் என்பர் சிலர், சாப்பாடு என்பர் சிலர், முழங்கால் என்பர் மூத்தோர். இக்கட்டுரை இம்மூன்றையும் ஏற்கவில்லை. இடப்பக்க ஜன்னலா, வலப்பக்க ஜன்னலா என்பதே சிக்கல். ஏனையவை அதன் கிளைகள். இது குறித்து இதுவரை நடந்த வாதங்களெல்லாம் வண்டியின் படிக்கட்டில், முண்டியடிக்கும்போது நடந்தவை. ஆற அமர ஆராய்ந்தார் இலர். ஆய்வுக்களம் லண்டன், ஒப்பீட்டுக்குப் பாரிஸ்.

நம்மவர்க்கு உலா புதிதன்று. உலா இலக்கியத்தில் தலைவன் தெருவில் பவனி வருவான். பேதை முதல் பேரிளம்பெண் ஈறாக ஏழு பருவத்தாரும் அவனைக் கண்டு மயங்குவர். லண்டனில் கடற்படைத் தளபதி நெல்சன் தூணின்மேல் நின்றது நின்றபடி நிற்க, ஏழு பருவத்தாரும் ஏசி வண்டியில் அவரைக் கடந்து போகிறார்கள். மயக்கம் இங்கும் உண்டு. அது பெரும்பாலும் விமானத்தில் தூங்காததன் மிச்சம். கூட்டமாகக் கூட்டிப் போகும் முறைக்கு மூலவராகத் தாமஸ் குக்கைச் சொல்வார்கள். 1841 ஜூலை 5 அன்று லெஸ்டரிலிருந்து லஃபரோவுக்குச் சுமார் 500 பேரை, தலைக்கு ஒரு ஷில்லிங் வாங்கிக்கொண்டு, மதுவிலக்குக் கூட்டத்துக்கு ரயிலில் அழைத்துப் போனார். மது தொடாதவர்கள் ஆதலால் இடம் பிடிப்பதில் ஓரளவு நிதானம் இருந்திருக்கும் என ஊகிக்கலாம்.

இனி நூற்பொருள். பிரிட்டனில் வண்டிகள் சாலையின் இடப்பக்கம் ஓடும். நம் நாட்டு வழக்கமும் அதுவே ஆகையால் இதில் என்ன இருக்கிறது என்று எண்ணத் தோன்றும். எல்லாம் இதில்தான் இருக்கிறது.

ட்ரஃபால்கர் சதுக்கத்திலிருந்து தெற்கே ஒயிட்ஹால் வழியாக வண்டி இறங்குகிறது என்று கொள்க. குதிரைமேல் ஆடாமல் அசையாமல் இருக்கும் காவலர் வலப்பக்கம். பிரதமர் வீட்டுத் தெரு வலப்பக்கம். 1989-இல் போட்ட இரும்புக் கதவுதான் தெரியும், ஆனாலும் வலப்பக்கம். நடுச்சாலையில் நிற்கும் போர் நினைவுச்சின்னமும் வலப்பக்கமே. இடப்பக்கத்தாருக்குக் கிடைப்பது பேங்க்வெட்டிங் ஹவுஸ். 1649-இல் முதலாம் சார்லஸ் மன்னரின் தலையை அதன் வாசலில்தான் வெட்டினார்கள். இதைக் கேட்டதும் இடப்பக்கத்தார் ஜன்னலில் முகத்தைப் பதிப்பார்கள். தலை வெட்டிய இடத்தில் ஒரு பேருந்து நிறுத்தமாவது இருந்தால் திருப்தியாக இருக்கும்.

வண்டி பார்லிமெண்ட் சதுக்கத்தை எட்டியதும் ஆட்டம் மாறுகிறது. அங்கே போக்குவரத்து கடிகார முள் சுற்றும் திசையில் சுற்றும். எனவே சதுக்கத்தின் நடுவில் உள்ளதெல்லாம் வலப்பக்க ஜன்னலுக்கு. சுற்றிலும் உள்ளதெல்லாம் இடப்பக்க ஜன்னலுக்கு. பிக் பென் மணிக்கூண்டும் வெஸ்ட்மின்ஸ்டர் தேவாலயமும் இடப்பக்கத்தாருக்கு வாய்க்கின்றன. (பிக் பென் என்பது உள்ளே தொங்கும் மணியின் பெயர், கோபுரம் 2012 முதல் எலிசபெத் கோபுரம் என்று வழிகாட்டி திருத்துவார். திருத்தம் முடிவதற்குள் கோபுரமும் முடிந்துவிடும்.) வலப்பக்கத்தாருக்குச் சிலைகள்: 1973-இல் வைத்த சர்ச்சில், வண்டி முழுச்சுற்றுச் சுற்றினால் 2015 மார்ச் 14 அன்று திறந்த காந்தி. காந்தியை வாழ்நாளெல்லாம் வைதவரையும் காந்தியையும் ஒரே புல்தரைக்குக் காவல் வைத்திருக்கிறார்கள்.

காந்தி சிலை நெருங்கும்போது இடப்பக்கத்தார் அனைவரும் எழுந்து வலப்பக்கம் வருவர். இதுவரை “அக்கா, தலையைக் கொஞ்சம் சாய்ச்சுக்குங்க” என்ற அளவில் இருந்த உறவு, அந்தக் கணத்தில் “சார், அது என் பையன் மடி” என்ற கட்டத்தை எட்டும். படங்களில் பதிவாவது முன்னிருக்கைக்காரரின் கம்பளிக் குல்லா.

ஆக, விதி இது: இடப்பக்கம் ஓடும் நாட்டில் நடுவில் நிற்பதெல்லாம் வலப்பக்கத்தாருக்கு. ஹைட் பார்க் முனையின் வெலிங்டன் வளைவும் இவ்விதிக்கு அடங்கும். 1851-இல் பக்கிங்ஹாம் அரண்மனை முன்னிருந்து பெயர்த்துக் கொண்டுவந்த பளிங்கு வளைவும் அடங்கும்.

அப்படியானால் வலமே சிறந்தது என முடித்துவிடலாமே என்பார் உளர். முடிக்கலாகாது. தேம்ஸ் கரையோரமாகக் கிழக்கே போகையில் ஆறும், 135 மீட்டர் ராட்டினமும், கிளியோபாட்ரா ஊசி என்னும் கல்தூணும் வலப்பக்கம். அதே கரையில் திரும்பி வந்தால் எல்லாம் இடப்பக்கம். அந்த ஊசி கிளியோபாட்ராவுக்கு ஏறத்தாழ 1,400 ஆண்டு முந்தைய எகிப்து மன்னர் மூன்றாம் துட்மோஸ் எழுப்பியது. அவ்வளவு காலம் காத்திருந்த கல்லை நாம் பார்ப்பது நாலு நொடி.

நொடிக்கணக்கையும் பார்த்துவிடுவோம். மத்திய லண்டனின் முக்கியச் சாலைகளில் 2020 முதல் மணிக்கு 20 மைல்தான் உச்சவேகம். அதாவது நொடிக்குச் சுமார் 9 மீட்டர். வண்டியின் நீளம் 12 மீட்டர் என்று வைத்தால், முன்வரிசைக்குத் தெரிந்த சிலை பின்வரிசைக்குத் தெரிய ஒன்றேகால் நொடிக்குச் சற்று மேலாகும். வழிகாட்டி முன்னால் நிற்கிறார். தம் கண்ணில் பட்டதும் சொல்கிறார். எனவே சேதியைக் கேட்டு, மூக்குக்கண்ணாடியை இறக்கி, பிறகு பார்க்கும் வாய்ப்பு கடைசி வரிசைக்கு மட்டுமே உண்டு. தூக்கிப்போடும், குமட்டும் என்று அதை ஒதுக்குவோர் இதை எண்ணிப் பார்க்க வேண்டும். “ரைட்” என்றதும் எந்தக் கையால் சாப்பிடுகிறோம் என்று யோசித்துத் திரும்புகிறவர்களுக்கு இந்த ஒன்றேகால் நொடி பெருஞ்செல்வம்.

லண்டன் கோபுரக் கோட்டைக்காரர்கள் இப்பூசலுக்கு ஒரு தீர்வு கண்டிருக்கிறார்கள். மணிமுடிகள் இருக்கும் பேழைகளுக்கு இரு பக்கமும் நகரும் நடைமேடை போட்டுவிட்டார்கள். எந்தப் பக்கம் நின்றாலும் முடி தெரியும். எந்தப் பக்கமும் நிற்கத்தான் முடியாது. 1849-இல் பத்து வயது பஞ்சாப் மன்னர் துலீப் சிங்கிடமிருந்து பெற்ற கோஹினூர் வைரமும் அதே கட்டடத்தில்தான். அதற்காக நம்மவர் இடம் வலம் என்று அடித்துக்கொள்வதில்லை. திருப்பி வாங்குவது எப்படி என்றே பேச்சு போகும்.

ஆங்கிலக் கால்வாயைக் கடந்ததும் வினைப்பயன் தலைகீழாகிறது. பிரான்சில் வண்டிகள் வலப்பக்கம் ஓடும்; வட்டங்களில் கடிகாரத்துக்கு எதிராகச் சுற்றும். 12 சாலைகள் கூடும் இடத்தில், நெப்போலியன் 1806-இல் தொடங்கி 1836-இல் முடிந்த 50 மீட்டர் வெற்றி வளைவு, இடப்பக்கத்தாருக்குச் சொந்தம். அதே 1836-இல் கான்கார்ட் சதுக்கத்தில் நிறுத்திய லக்சர் தூணும் இடப்பக்கமே. லண்டனில் பட்டறிந்து, பாரிஸில் விடியற்காலையிலேயே எழுந்து வலப்பக்கத்தைப் பிடித்தவர்கள் ஷான்செலிசே சாலைக் கடைகளின் பெயர்ப்பலகைகளைப் படிக்கலாம். தினமும் இரண்டு வரிசை தள்ளி உட்காரச் சொல்லும் சுழற்சி முறை இருக்கிறதே என்றால், அது வரிசைக்கு நீதி செய்யும், பக்கத்துக்குச் செய்யாது.

நடைபாதையோர இருக்கையினர் இவ்விரு மதத்திலும் சேராதார். அவர்களைத் தனியே ஆராய ஒன்றுமில்லை.

எஞ்சியது ஒன்றே வழி: குடும்பத்தைப் பிரித்து உட்கார வைப்பது. அப்பா இடம், அம்மா வலம். இரவில் வாட்ஸ்அப்பில் படம் மாற்றிக்கொள்வது. இதை முறையாகக் கைக்கொண்ட தம்பதியர் எங்கள் வண்டியில் இருந்தனர். லண்டனில் வளைவெல்லாம் அம்மாவின் போனில் ஏறின. பாரிஸில் வெற்றி வளைவை வண்டி ஒரு முழுச்சுற்றுச் சுற்றி முடித்ததும் அம்மா எட்டிப் பார்த்து, “என்னங்க, நல்லா எடுத்தீங்களா?” என்று கேட்டார். வாய் சற்றே திறந்திருக்க, ஜன்னல் கண்ணாடியில் தலை சாய்த்து, அவர் நல்ல தூக்கத்தில் இருந்தார்.