மாட்டுக் கொட்டிலில் உலர்ந்த தோட்டாக்கள்

பித்தளையைப் புளியிட்டுத் துலக்குவது அடுப்படியில் நிகழ்ந்தால் அன்றாட வேலையென்றும், அதனையே துப்பாக்கி உரிமம் பெற்ற ஒருவர் திண்ணையில் அமர்ந்து செய்வாராயின் யுத்த சாஸ்திரமென்றும் பெயர் பெறும் என்னும் உண்மையை, அந்நாளில் வட ஆற்காடு மாவட்டத்தில் அடங்கியிருந்த ஜவ்வாது மலையிலே, சமுனாமரத்தூருக்கு அருகில் புளிக் குத்தகை எடுத்திருந்த என் மாமாவின் இல்லத்தில்தான் நான் தெரிந்துகொண்டேன்.

சாமைக் கொல்லையைக் கிண்டிப் பாழாக்கும் காட்டுப்பன்றிகளை உத்தேசித்து அவர் ஒரு பன்னிரண்டு போர் இரட்டைக் குழல் துப்பாக்கி வைத்திருந்தார். (1972-ஆம் ஆண்டின் வன உயிரினச் சட்டத்துக்கு முந்திய காலமாதலால் வாசகர்கள் பதற வேண்டுவதில்லை.) அட்டைத் தோட்டா மலையின் ஈரத்தில் ஊதிப் பருத்துக் குழலுக்குள் நுழைய மறுக்குமாதலால், முழுப் பித்தளைக் கூடுகளையே அவர் நம்பினார், சுட்ட கூட்டை எறியாமல் கழுவி உலர்த்தி மறுபடியும் மருந்தும் ரவையும் நிரப்பிக்கொள்ளலாம் என்னும் சிக்கனம் அவரைப் பூரணமாக ஆட்கொண்டிருந்தது.

கழுவுவதில் கஷ்டமில்லை, வீடு கொள்ளாத புளி. கரியேறிக் கறுத்த கூட்டைப் புளிக் கரைசலில் இட்டால் கறை கரையும். அளவுக்கு மிஞ்சி ஊறினாலோ, நூற்றுக்கு 70 பங்கு செம்பும் 30 பங்கு துத்தநாகமும் சேர்ந்த அவ்வுலோகத்தினின்று துத்தநாகம் கழன்று மேனி சிவக்கத் தொடங்கும். நன்கு அலசாவிடில் களிம்பேறும். இவையெல்லாம் அத்தைக்கு மாமாவைக் கைப்பிடிக்கும் முன்பே தெரியும். ஆயினும் மாமா அவளுக்கு நாள்தோறும் உபதேசம் செய்து வந்தார்.

சங்கடம் உலர்த்துவதில்தான். மார்கழி மூடுபனியில் சூரிய பகவான் சாவகாசமாக எழுந்தருளிச் சீக்கிரமே விடைபெற்றுவிடுவார். கூட்டின் அடியில் ஒரு துளி ஈரம் தங்கினாலும் மருந்து நமுத்துப் போகும். பன்றிக்கு 'புஸ்' என்னும் ஓசை மட்டுமே தரிசனமாகும். (பின்னாளில் இதே மலையில், காவலூரில், தொலைநோக்கி நிறுவிய வான சாஸ்திரிகளும் மேகம் விலகக் காத்திருந்தவர்களே, அவர்களுக்கு இரவு தெளிய வேண்டும், மாமாவுக்குப் பகல்.) "அடுப்பில் வாட்டினால் என்ன, மாமா?" என்றேன். "மாப்பிள்ளை, சூடு மிஞ்சினால் பித்தளை இறுக்கம் இழந்துவிடும், இளகின கூடு வெடியைத் தாங்காது" என்றார். சுமார் 250 பாகை செண்டிகிரேடைத் தாண்டினால் அப்படித்தான் ஆகும் என்பதால், இவ்விஷயத்தில் அவர் கூறியது முற்றிலும் நியாயமே.

அடுப்பும் ஆகாது, வெயிலும் வாராது என்றான பின், அந்தக் குளிரில் இரவும் பகலும் ஒரே சீராகக் கதகதப்பு நிலவும் ஸ்தலம் எது என்று மாமா தீர்க்கமாக ஆலோசித்து, கூடுகளை முறத்தில் பரப்பி மாட்டுக் கொட்டிலின் பரணில் ஏற்றினார். ஏற்றியவர் புளி உலுக்கும் கணக்குகளில் மூழ்கி அவற்றை மறந்தும் போனார். மாட்டுப் பொங்கலுக்காகக் கொட்டிலைச் சுத்தம் செய்தபோது முறம் இறங்கியது. ஈரம் துளியுமில்லை, ஆனால் பல கூடுகள் வாயோரத்தில் நெடுகக் கீறிப் பிளந்திருந்தன.

இது புதிய விபத்தன்று. பிரிட்டிஷ் பட்டாளத்தார் இந்தியாவில் மழைக்காலத்தில் குதிரை லாயங்களில் அடுக்கி வைத்த தோட்டாக்களும் இவ்வாறே பிளந்தன. கால்நடைகளின் சிறுநீரிலிருந்து எழும் அம்மோனியா, ஈரத்துடன் கூடி, சூடேற்றாமல் இழுத்து உருவாக்கப்பட்டு உள்ளூர இறுகி நிற்கும் பித்தளையைப் பிளக்கிறது என்பதை 1921-இல் மூர், பெக்கின்சேல், மாலின்சன் என்னும் மூவர் விளக்கினர். பஞ்சகவ்வியத்தில் இடம்பெற்ற கோமியத்துக்கு இப்படியொரு குணம் உண்டென்பதை மாமா முதலில் ஒப்பவில்லை. ஆனால் தமக்கு நேர்ந்தது ஏகாதிபத்தியப் படைக்கே நேர்ந்தது என்று அறிந்த கணத்தில் அவருடைய துக்கம் யாவும் பெருமிதமாக மாறிற்று. வந்தவர் போனவரிடமெல்லாம் அதைச் சொல்லி மகிழ்ந்தார்.

"பட்டாளத்துக்குக் குதிரை லாயம் வேண்டியிருந்தது, நமக்கு ரெண்டு மாடே போதுமானதா இருந்துச்சுங்க, அதைச் சொல்லுங்க" என்றாள் அத்தை, பிளந்த கூடுகளைப் பழைய பாத்திரக்காரனிடம் எடை போட்டுக்கொண்டே.